முகூர்த்தத்துக்கும் வெளிச்சத்துக்கும் நடுவே: மட்டக்களப்பில் திருமண நாளுக்கு நேரம் வகுத்தல்

திருமண நாளுக்கு நேர அட்டவணை போடும்போது எங்கள் வீடுகளில் சமையலுக்கும் வாகனங்களுக்கும் குருக்களுக்கும் நேரம் எழுதப்படுகின்றது. படம் எடுப்பதற்கு மட்டும் எழுதப்படுவதில்லை. இடையில் கிடைக்கும் நேரத்தில் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால், கல்யாண வீட்டில் இடையில் கிடைக்கும் நேரம் என்று ஒன்று இருப்பதில்லை. ஆகவே படத்துக்கான நேரம் வேறு யாருடைய நேரத்திலிருந்தோ எடுக்கப்படுகின்றது. தாலி கட்டி முடிந்த கையோடு மணமக்களைத் தோட்டத்துக்கு அழைத்துச் சென்றுவிட, வாழ்த்த வந்த முதியவர்கள் கதிரைகளில் காத்திருக்கிறார்கள். மணமகளின் அறையில் படப்பிடிப்பு நீண்டுவிட, குருக்கள் கிரியைகளைச் சுருக்க வேண்டியதாகின்றது. இந்த இரண்டையும் தவிர்ப்பதற்கு ஒரே வழி, படப்பிடிப்பையும் அட்டவணைக்குள் ஒரு வேலையாக எழுதி, அதற்கென்று இடம் ஒதுக்குவதுதான்.

திருமண நாளில் எவராலும் நகர்த்த முடியாதவை இரண்டு. ஒன்று முகூர்த்தம், மற்றது சூரிய வெளிச்சம். மண்டபம், வாகனம், பந்தி, அலங்காரம் ஆகிய மற்ற அனைத்தையும் இந்த இரண்டுக்கும் இடையில் முன்னும் பின்னும் நகர்த்தலாம். ஆகவே தாளை எடுத்தவுடன் முதலில் முகூர்த்த நேரத்தையும், அன்றைய சூரிய உதய, அஸ்தமன நேரங்களையும் எழுதிக்கொள்ள வேண்டும்.

வெளிச்சம் இங்கே எப்படி நடந்துகொள்கிறது

மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் சூரியன் ஆண்டு முழுவதும் ஏறத்தாழக் காலை 5.45 தொடக்கம் 6.25 வரையான நேரத்துக்குள் உதிக்கின்றது. மாலையில் வித்தியாசம் சற்று அதிகம்: நவம்பர் நடுப்பகுதியில் 5.40 அளவிலேயே மறைந்துவிடும் சூரியன், ஜூலை மாதத்தில் 6.25 அளவில்தான் மறைகின்றது. நில நடுக்கோட்டுக்கு அண்மையில் நாம் இருப்பதால் சூரியன் ஏறத்தாழச் செங்குத்தாக இறங்குகின்றது. மறைந்த பின்னர் இருபது நிமிடங்களில் இருள் சூழ்ந்துவிடும். மேலைநாட்டு வழிகாட்டிகளைப் படித்துவிட்டு மாலை வெளிச்சம் நீண்ட நேரம் கிடைக்கும் என்று எண்ணியிருப்பவர்களுக்கு இது ஏமாற்றமாக அமையும். முகத்தில் மென்மையாக விழும் நல்ல வெளிச்சம் இங்கே காலையில் ஒரு மணித்தியாலமும் மாலையில் ஒரு மணித்தியாலமும்தான். நண்பகலில், குறிப்பாகச் சூரியன் எங்கள் தலைக்கு நேர் மேலே வரும் ஏப்ரல் முற்பகுதியிலும் செப்டெம்பர் தொடக்கத்திலும், கண்குழிகளிலும் மூக்கின் கீழும் கறுத்த நிழல் விழுவதால், எந்தக் கமெராவாலும் ஓர் அழகிய முகத்தைத் திறந்த வெளியில் அழகாக எடுத்துவிட முடியாது. அந்த நேரத்தைப் பந்திக்கும் மண்டபத்துக்குள் நடைபெறும் வேலைகளுக்கும் கொடுத்துவிடுவது நல்லது.

இன்னொன்றையும் மனத்தில் கொள்ள வேண்டும். எங்கள் கடல் கிழக்கே இருக்கின்றது. கொழும்பிலோ நீர்கொழும்பிலோ எடுக்கப்பட்ட, கடலுக்குள் சூரியன் இறங்கும் படத்தைக் கைத்தொலைபேசியில் காட்டி, இதேபோல் கல்லடிக் கடற்கரையில் வேண்டும் என்று கேட்கும் மணமக்கள் பலர் உள்ளனர். கல்லடியில் கடலுக்கு மேலே சூரியனைப் பார்க்க வேண்டுமானால் விடியற்காலையில் செல்ல வேண்டும். மாலையில் சூரியன் மறைவது வாவிப் பக்கத்தில். எனவே மாலைப் படத்துக்குச் சூரியன் பின்னணியில் வேண்டுமென்றால் வாவியின் கிழக்குக் கரையில், பழைய கல்லடிப் பாலத்தை அண்டிய பகுதி போன்ற இடத்தில், மேற்கு நோக்கிக் கமெராவை வைக்க வேண்டும். 2013இல் புதிய பாலம் திறக்கப்பட்ட பின்னர் பழைய பாலத்தில் கனரக வாகனங்களின் தொல்லை இல்லாததால் அந்த இரும்புச் சட்டகங்களை அருகிலிருந்து எடுக்க வசதியாக உள்ளது. கடலே பின்னணியாக வேண்டுமென்றால், மாலை ஐந்து மணிக்குப் பின்னர் மணமக்கள் கடலுக்கு முதுகைக் காட்டி நிற்க, கரைப் பக்கத்திலிருந்து வரும் இளவெயில் அவர்களின் முகத்தில் நேரே விழும். அதுவும் மிக நல்ல வெளிச்சமே. ஆனால் அது சூரியாஸ்தமனப் படம் அல்ல என்பதை முன்கூட்டியே பேசித் தெளிந்துகொள்வது நல்லது.

முகூர்த்தத்திலிருந்து பின்னோக்கி எண்ணுதல்

அழைப்பிதழில் முகூர்த்தம் காலை 9.12 தொடக்கம் 10.28 வரை என்று இருந்தால், பலர் ஒன்பது மணிக்கு மண்டபத்தில் நின்றால் போதும் என்று கணக்கிடுகிறார்கள். விருந்தினருக்கு அது சரி. அட்டவணை போடுபவருக்கு அது பிழையான தொடக்கம். முகூர்த்தத்துக்குள் நடைபெற வேண்டியது தாலி கட்டுதல். அதற்கு முன்னர் மாப்பிள்ளை அழைப்பு, கால் கழுவுதல், விநாயகர் வழிபாடு, காப்புக் கட்டுதல், கன்னிகாதானம், கூறைச் சேலை கொடுத்தல், கூறை உடுத்து வருதல் என்று ஒரு நீண்ட வரிசை இருக்கின்றது. அந்த வரிசையில் அட்டவணையைக் குலைப்பது எப்போதும் ஒரே இடம்தான்: கூறை மாற்றும் இடைவேளை.

மணமகன் கையால் கூறையைப் பெற்றுக்கொண்டு மணமகள் எழுந்து செல்லும் அந்த நேரத்தில் முகூர்த்தம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும். முதலில் உடுத்தியிருந்த சேலையின் ஊசிகளைக் கழற்ற வேண்டும். ஒட்டியாணத்தை எடுக்க வேண்டும். கூறையை மடிப்புக் கலையாமல் உடுத்த வேண்டும். அட்டியலையும் ஆரத்தையும் சேலைக்கு மேலே நேராக விட வேண்டும். தலையில் பூ சரிந்திருந்தால் மீண்டும் குத்த வேண்டும். அலங்காரம் செய்பவர் கூறையை முதல் நாளே வாங்கி, மடிப்புகளை எடுத்து, அழுத்தி, ஊசி குத்தி வைத்திருந்தால் இருபது நிமிடங்களில் இது முடியும். கூறைத் தட்டத்தில் வைப்பதற்காக அதைக் கடையில் மடித்தபடியே விட்டிருந்தால் நாற்பது நிமிடங்கள் செல்லும். மடிப்பெடுத்த கூறையையும் தட்டத்தில் அழகாக வைக்க முடியும் என்பதால், இந்த ஒரு காரியத்தை மட்டும் முதல் நாள் மாலையில் உறுதிசெய்துகொண்டால் அன்றைய அட்டவணையில் அரைவாசிக் கவலை தீர்ந்துவிடும். உடை மாற்றும் அறை மணவறைக்கு அண்மையில் இருக்கின்றதா, அதற்குள் ஆளுயரக் கண்ணாடியும் போதிய வெளிச்சமும் உள்ளனவா என்பதையும் மண்டபத்தைப் பதிவுசெய்யும்போதே பார்க்க வேண்டும்.

மணமகள் உள்ளே இருக்கும் அந்த இடைவேளையைப் படப்பிடிப்பாளர்கள் ஓய்வு நேரமாக எண்ணுவதுண்டு. உண்மையில் நாளின் மிகச் சிறந்த சில படங்கள் அப்போதுதான் கிடைக்கின்றன. தாலி வைத்த தட்டம் சபையில் உள்ள பெரியவர்களிடம் ஆசி பெறுவதற்காக ஒவ்வொருவராகக் கைமாறிச் செல்லும். நடுங்கும் விரல்களால் ஓர் அம்மம்மா தாலியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். மணமகன் தோழனோடு மட்டும் மணவறையில் இருந்து வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார். ஆகவே ஒருவர் சபையில் தட்டத்தைப் பின்தொடர வேண்டும். மற்றவர் அறை வாசலில், மணமகள் கூறையோடு வெளியே காலடி எடுத்துவைக்கும் கணத்துக்காக நிற்க வேண்டும். ஒரே ஒருவரைத்தான் ஒழுங்குசெய்திருக்கிறீர்கள் என்றால், தோழி வாசலில் நின்று கையை உயர்த்தும் வரை அவர் சபையில் நிற்கட்டும்.

இப்போது எண்ணிப் பார்ப்போம். ஆவணி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, மேலே சொன்ன முகூர்த்தம், கல்லடியில் மண்டபம், மணமகள் வீடு ஆரையம்பதியில், மணமகன் வீடு களுவாஞ்சிகுடியில் என்று வைத்துக்கொள்வோம். வெள்ளிக்கிழமை இராகு காலம் 10.30க்குத் தொடங்குவதால், தாலி கட்டுதலை முகூர்த்தத்தின் கடைசி நிமிடங்களுக்குத் தள்ளாமல் 9.50 என்று குறித்துக்கொள்வது நல்லது. அதற்குக் கூறை 9.10 அளவில் மணமகள் கையில் கொடுக்கப்பட வேண்டும். அதற்கு முன்னுள்ள கிரியைகளுக்கு ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் தேவை. ஆகவே குருக்கள் 8.15க்குத் தொடங்க வேண்டும். மாப்பிள்ளையை வாசலில் வரவேற்று, மணமகளின் சகோதரன் கால் கழுவி, ஆலாத்தி எடுத்து, மணவறைக்கு அழைத்து வருவதற்கு அரை மணித்தியாலம். எனவே அவர் 7.45க்கு மண்டப வாசலில் இறங்க வேண்டும். களுவாஞ்சிகுடியிலிருந்து வழியில் ஒரு கோயிலில் இறங்கித் தேங்காய் உடைத்து வருவதற்கு ஐம்பது நிமிடங்களுக்குக் குறையாமல் வேண்டும் என்பதால் 6.50க்கு வீட்டிலிருந்து புறப்பட வேண்டும். பால் அறுகு வைத்து நீராட்டுதல், வேட்டி சால்வை உடுத்தல், தலைப்பாகை கட்டுதல், பெற்றோரை வணங்குதல் ஆகியவற்றுக்கு ஒரு மணித்தியாலம். ஆகவே மணமகன் வீட்டுக்குச் செல்லும் படப்பிடிப்பாளர் 5.30க்கு அங்கே நிற்க வேண்டும், விடிவதற்கு முன்னர்.

மணமகள் பக்கம் இன்னும் முன்னதாகத் தொடங்குகின்றது. அலங்காரத்துக்கு மூன்று மணித்தியாலம் என்று எடுத்துக்கொண்டால் அதிகாலை 3.45க்குத் தொடங்கி 6.45க்கு முடியும். இந்த 6.45 என்ற எண்ணை நான் வேண்டுமென்றே அங்கே வைத்திருக்கிறேன். ஆவணியில் சூரியன் ஆறு மணியளவில் உதிப்பதால், 6.45 தொடக்கம் 7.15 வரை முற்றத்திலோ கிழக்குப் பார்த்த விறாந்தையிலோ கிடைக்கும் வெளிச்சம் நாள் முழுவதும் மீண்டும் கிடைக்காது. அலங்காரம் கலையாமல், வியர்வை படியாமல், தாயும் தந்தையும் அருகில் இருக்க, ஆட்கள் கூடுவதற்கு முன்னர் கிடைக்கும் அந்த அரை மணித்தியாலத்தை மணமகளின் தனிப் படங்களுக்கும் பெற்றோரோடும் சகோதரர்களோடும் எடுக்கும் படங்களுக்கும் முழுமையாக ஒதுக்கிவிடுங்கள். அலங்காரம் அரை மணித்தியாலம் பிந்தினால் போகப்போவது முகூர்த்தமல்ல, இந்தப் படங்கள்தான் என்பதை அலங்காரம் செய்பவரிடம் வெளிப்படையாகச் சொல்லி வைக்க வேண்டும்.

மேலே உள்ள கணக்கில் இரண்டு வீடுகளிலும் ஒரே நேரத்தில் வேலை நடைபெறுவதைக் கவனித்திருப்பீர்கள். ஒரே படப்பிடிப்பாளர் இரண்டு வீட்டுக்கும் ஓடுவது, வீடுகள் ஒரே ஊரில் இருந்தால் மட்டுமே இயலும். கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ இருந்து மாப்பிள்ளை வருகின்றார் என்றால் இரண்டு பேர் கட்டாயம் வேண்டும். இரண்டு பேருக்கு வசதியில்லையெனில் மாப்பிள்ளை வீட்டுப் படங்களைத் தாலிக்குப் பொன் உருக்கும் பொன்னுருக்கு நாளில் எடுத்துக்கொண்டு, திருமண நாளில் அவரை மண்டப வாசலிலிருந்து எடுக்கத் தொடங்கலாம். வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையிலிருந்து வருபவர்களுக்கு 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்ட பின்னர் பயண நேரம் நம்பிக்கையாகக் கணக்கிடக் கூடியதாகியுள்ளது. வீதி நெரிசலையும் எழுதிக்கொள்ளுங்கள்: பாடசாலை நாட்களில் காலை ஏழு தொடக்கம் ஏழரை வரையும் பிற்பகல் 1.30ஐ அண்டியும், வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆத் தொழுகை நேரத்தில் காத்தான்குடி, கல்முனை ஊடாகவும் வாகன வரிசை மெதுவாகவே நகரும்.

மணவறையைச் சுற்றி

கிரியைகள் நடைபெறும் வேளையில் படப்பிடிப்பாளர் எங்கே நிற்பது என்பதைக் குருக்களோடு முன்னரே பேசித் தீர்மானிக்க வேண்டும். முதல் நாள் ஐந்து நிமிடத் தொலைபேசி உரையாடல் போதும். எந்தக் கிரியையின்போது மணவறைக்குள் ஏறக் கூடாது, ஓமத்தின் எந்தப் பக்கம் திறந்திருக்கும், கன்னிகாதானத்தில் தாரை வார்க்கும்போது பெற்றோர் எந்தப் பக்கம் நிற்பார்கள் என்ற மூன்றையும் கேட்டுக்கொண்டால், அன்றைக்கு எவரும் எவரையும் அதட்ட வேண்டி வராது. கிரியையை நிறுத்தி, மீண்டும் ஒருமுறை தாலியைப் பிடியுங்கள் என்று கேட்பது எந்த நிலையிலும் கூடாது. படத்துக்காகச் சடங்கு அல்ல; சடங்கு நடக்கும் வேகத்துக்குப் படப்பிடிப்பாளர்தான் தம்மைத் தயார்செய்துகொள்ள வேண்டும்.

தாலி கட்டும் கணத்தில் கெட்டிமேளம் முழங்க, பெண்கள் குரவையிட, சபை முழுவதும் எழுந்து அட்சதை தூவும். அதே கணத்தில் முன்வரிசையில் உள்ளவர்கள் கைத்தொலைபேசிகளை உயர்த்திக்கொண்டு முன்னே வருவார்கள். மணவறையின் நேர் முன்னே கதிரை வரிசைக்கும் மேடைக்கும் இடையில் ஆறேழு அடி இடைவெளி விட்டு, அந்த எல்லையில் ஒரு பூச்சரத்தையோ குத்துவிளக்குகளையோ வைத்துவிட்டால், யாரையும் நேரடியாகத் தடுக்காமலேயே கமெராவுக்கு வழி கிடைக்கும். இரண்டு படப்பிடிப்பாளர்கள் இருந்தால் ஒருவர் மணமகளின் முகத்தையும் மற்றவர் முடிச்சிடும் கைகளையும் எடுப்பதென்று பிரித்துக்கொள்ள வேண்டும். குரவையிடும் பெண்களைத் திரும்பிப் பார்த்து ஒரு படமாவது எடுக்கும்படி படப்பிடிப்பாளரிடம் சொல்லுங்கள். எங்கள் கல்யாணங்களுக்கே உரிய அந்த ஒலி வீடியோவில் பதிவாகின்றது, ஒலியை எழுப்பிய முகங்கள் அல்பத்தில் இருப்பதேயில்லை.

வீட்டுப் பந்தலில் திருமணம் என்றால் கூரையைப் பற்றி ஒரு சொல். நீலத் தறப்பாளின் கீழே எடுக்கும் படத்தில் எல்லாருடைய முகமும் நீலம் பூத்து, நோயாளி போலத் தெரியும். சிவப்புத் துணியின் கீழே கூறையின் நிறமும் முகத்தின் நிறமும் ஒன்றாகிவிடும். உள்ளே வெள்ளைத் துணி கட்டினால் வெயில் வடிந்து, மென்மையான வெளிச்சமாக இறங்கும். மண்டபங்களில் இதே தொல்லையை நிறம் மாறும் எல்.இ.டி. விளக்குகள் தருகின்றன, அவற்றை மாலை வரவேற்பு வரை அணைத்து வைக்குமாறு அலங்காரக்காரரிடம் கேளுங்கள். மணமக்கள் கிழக்கு நோக்கி அமர்வதால், காலையில் கிழக்குப் பக்கக் கதவுகளையும் யன்னல்களையும் திறந்து வைத்தாலே முகத்துக்குப் போதிய வெளிச்சம் வரும் மண்டபங்கள் பல உள்ளன. குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே கொண்டுவந்த கமெராவின் வில்லையில் எங்கள் ஈரக் காற்றுப் பட்டதும் நீர் படிந்து, பத்துப் பதினைந்து நிமிடங்களுக்குப் படம் மங்கலாக வரும் என்பதால், மணமகள் அறையில் குளிரூட்டி இருக்குமானால் புறப்பாட்டுக்குக் கால் மணித்தியாலம் முன்னரே ஒரு கமெராவை வெளியே வைத்திருக்க வேண்டும்.

தாலிக்குப் பின்னர்

தாலி கட்டிய பின்னர் மாலை மாற்றுதல், பால் பழம், ஏழடி, அம்மி மிதித்து அருந்ததி காட்டுதல், குடத்துக்குள்ளிருந்து கணையாழி எடுத்தல், ஆசீர்வாதம், ஆலாத்தி என்று ஏறத்தாழ ஐம்பது நிமிடங்கள் செல்லும். கணையாழி எடுக்கும்போது மணமக்கள் இருவரும் காலையிலிருந்து முதன்முறையாக வாய்விட்டுச் சிரிப்பார்கள். குடத்தைச் சுற்றிச் சிறுவர்கள் மொய்த்து மறைத்துவிடாமல், குடத்துக்கு எதிர்ப்பக்கத்தை மட்டும் திறந்து விடுங்கள். பத்தே முக்காலளவில் இவை முடிகின்றன. விவாகப் பதிவு அன்றே நடைபெறுவதானால் பதிவாளரையும் இரண்டு சாட்சிகளையும் இந்த நேரத்துக்கு மண்டபத்திலேயே இருக்கச் செய்துவிட்டால் கையொப்பமிடும் படமும் தனியான இடைவேளையின்றிக் கிடைத்துவிடும்.

அடுத்து வருவது மேடையில் ஏறி வாழ்த்தும் வரிசை. நானூறு விருந்தினர் என்றால் ஏறத்தாழ நூற்றைம்பது குடும்பங்கள்; ஒரு குடும்பத்துக்கு அரை நிமிடம் என்றாலும் எழுபத்தைந்து நிமிடங்கள். பந்தியை இதற்குப் பின்னர் தொடங்கினால் மண்டபமே பசியில் வாடும். இதற்கு முன்னர் தொடங்கினால் வரிசை இடையிடையே அறுந்து, மணமக்கள் வெறுமனே நிற்க வேண்டி வரும். வரிசையும் பந்தியும் ஒன்றாகத் தொடங்க, மேடையிலிருந்து இறங்குபவர்கள் நேரே பந்திக்குச் செல்லும்படி ஒழுங்குசெய்வதே நடைமுறையில் நன்றாகப் பலிக்கின்றது.

உறவினர் கூட்டுப் படங்களை இந்த வரிசையோடு கலக்க வேண்டாம். அவற்றுக்கு ஒரு தனிப் பட்டியல் வேண்டும்; அதை மணமகளின் தாயும் மணமகனின் தாயும் சேர்ந்து ஒரு வாரத்துக்கு முன்னரே எழுத வேண்டும். ஒரு கூட்டத்தைச் சேர்த்து, நிறுத்தி, இரண்டு மூன்று படம் எடுப்பதற்கு மூன்று நிமிடம் வேண்டும். பதினைந்து கூட்டங்கள் என்றால் முக்கால் மணித்தியாலம். முப்பது கூட்டங்கள் எழுதினால் ஒன்றரை மணித்தியாலம் என்பதைப் பட்டியல் எழுதும்போதே பார்த்துக் குறைத்துக்கொள்ளலாம். அம்மம்மா, அப்பம்மா, அம்மப்பா முதலிய முதியவர்களையும் கைக்குழந்தை உள்ளவர்களையும் முதலில் எடுத்து அனுப்பிவிடுங்கள். நண்பர்கள் கடைசியில் நிற்கட்டும், அவர்களுக்கு அது மகிழ்ச்சியே. ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் முகம் தெரிந்த ஒரு மச்சானையோ மச்சாளையோ பெயர் கூப்பிடுவதற்கு நியமிக்க வேண்டும். படப்பிடிப்பாளருக்கு உறவுமுறை தெரியாது. அவர் அடுத்த கூட்டத்தைக் கேட்கும்போது, "கொஞ்சம் பொறு மனே, பெரியம்மா சாப்பிட்டுக்கொண்டு நிக்கிறா" என்று சொல்லப்படும் ஒவ்வொரு தடவையும் ஐந்து நிமிடம் கழிகின்றது. பெரியம்மாவைப் பந்திக்கு அனுப்பாமல் நிறுத்தி வைப்பது அந்த மச்சானின் வேலை.

அதன்பின் மணமக்கள் சாப்பிட வேண்டும். அதிகாலை மூன்றரைக்கு எழுந்து, விரதத்தோடு இருந்து, ஓமப் புகையில் அமர்ந்திருந்த இருவருக்கும் பிற்பகல் ஒரு மணிக்கு முன்னர் உணவு இல்லையென்றால், மாலைப் படங்களில் எவ்வளவு அலங்காரம் செய்தாலும் களைப்புத்தான் தெரியும். அட்டவணையில் உணவுக்கு முக்கால் மணித்தியாலமும், ஓய்வுக்கு ஒன்றரை மணித்தியாலமும் எழுதி, அந்த நேரத்தில் எவரையும் அறைக்குள் விடாதீர்கள். படப்பிடிப்பாளர்களுக்கும் அதே வேளையில் ஓர் இலை போடச் சொல்லுங்கள். கடைசிப் பந்தியில் அவர்களை அமர்த்தினால் மாலைக்குப் புறப்படும் நேரம் பிந்தும்.

வெளிப்புறப் படங்களும் பருவமும்

எடுத்துக்காட்டாகச் சொன்ன ஆவணி நாளில் சூரியன் 6.15 அளவில் மறையும். ஆகவே 4.45க்கு முதல் இடத்தில் நிற்க வேண்டும். இடங்கள் இரண்டுக்கு மேல் வேண்டாம். பாசிக்குடா, கல்லடி, முகத்துவாரம் வெளிச்சவீடு, காந்தி பூங்கா என்று நான்கைந்து பெயர்களை எழுதினால், வாகனத்தில் ஏறி இறங்குவதிலேயே அந்த வெளிச்சம் முடிந்துவிடும். பாசிக்குடா மட்டுமே நகரத்திலிருந்து முப்பது கிலோமீற்றருக்கு மேல். கடற்கரையில் 4.45 தொடக்கம் 5.25 வரை, வாவிக்கரையில் 5.40 தொடக்கம் இருள் சூழும் வரை என்பது வசதியான பங்கீடு. திருக்கோவில், தம்பிலுவில் பக்கத்தவர்களுக்கும் கடல் கிழக்கேதான். அங்கே சூரியாஸ்தமனத்துக்கு மேற்கேயுள்ள வயல்வெளிகள் துணை செய்யும். பெரும்போக வயல் மார்கழி, தையில் பச்சையாகவும் மாசியளவில் பொன்னிறமாகவும் இருக்கும் என்பதால், தை மாதக் கல்யாணத்துக்குக் கடற்கரையைவிட வயல் வரப்பையே நான் பரிந்துரைப்பேன்.

வைகாசி தொடக்கம் ஆவணி வரை மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று வறண்டது, சூடானது. திறந்த வெளியில் சேலைத் தலைப்பையும் தலைமுடியையும் அது ஓர் இடத்தில் நிற்க விடாது. தலைப்பில் இரண்டு ஊசி கூடுதலாகக் குத்திக்கொண்டு, காற்று முகத்தில் படும்படி நின்றால் முடி பின்னே செல்லும். முதுகில் பட்டால் முகத்தை மூடும். மாரியிலோ நிலைமை வேறு. ஐப்பசிப் பிற்பகுதி தொடக்கம் தை வரை மழை எந்த மாலையையும் எடுத்துக்கொள்ளலாம்; அதே வேளை கார்த்திகையில் சூரியனும் 5.40க்கே மறைகின்றது, முகில் இருந்தால் ஐந்தேகாலுக்கே இருண்டுவிடும். மாரிக் கல்யாணத்துக்கு வெளிப்புறப் படங்களை 3.30க்குத் தொடங்குங்கள், முகில் மூடிய வானம் முகத்துக்கு மிக மென்மையான வெளிச்சத்தைத் தரும் என்பதால் அதில் இழப்பு எதுவும் இல்லை. மழை விடாது பெய்தால் செல்வதற்கு அகலமான விறாந்தையுள்ள ஒரு பழைய வீட்டையோ விடுதியையோ முன்னரே கேட்டு வைத்திருக்க வேண்டும். எல்லாவற்றையும் விட எளிய மாற்று, வெளிப்புறப் படங்களை வேறொரு நாளுக்கு விட்டுவிடுவது. கூறையையும் நகைகளையும் இன்னொரு நாள் மீண்டும் அணியலாம். தட்டம் கைமாறும் சபையைத்தான் மீண்டும் கூட்ட முடியாது.

ட்ரோன் வேண்டுமென்று கேட்பவர்கள், இயக்குபவரிடம் சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் பதிவும் தேவையான அனுமதியும் உள்ளனவா என்று கேட்க வேண்டும். மட்டக்களப்பு விமான நிலையம் நகரத்தை அண்டியே இருப்பதால் இது வெறும் சம்பிரதாயமல்ல. அனுமதி இருந்தாலும் மாப்பிள்ளை வரும் ஊர்வலத்துக்குப் பத்து நிமிடம் போதும். கிரியை நடைபெறும்போது பந்தலுக்கு மேலே அதன் இரைச்சல் வேண்டாம்.

தேவாலயத் திருமணங்களில் முகூர்த்தத்தின் இடத்தைத் திருப்பலி நேரம் எடுத்துக்கொள்கின்றது. பீடத்தை அண்டி எதுவரை செல்லலாம், பிளாஷ் பயன்படுத்தலாமா என்பதைப் பங்குத்தந்தையிடம் கேட்க வேண்டும். பிற்பகல் மூன்று மணித் திருமணமாயின் தேவாலயத்திலிருந்து நாலரைக்கு வெளியே வந்து, வரவேற்புக்கு முன்னர் மாலை வெளிச்சத்தைப் பயன்படுத்திக்கொள்ளும் வசதி அவர்களுக்கு இயல்பாகவே அமைகின்றது. காத்தான்குடி, சாய்ந்தமருது, அக்கரைப்பற்று ஆகிய ஊர்களின் முஸ்லிம் திருமணங்களில் ஆண்களின் பக்கமும் பெண்களின் பக்கமும் வேறாக அமைவதால், பெண் படப்பிடிப்பாளர் ஒருவரை நேரத்தோடு பதிவுசெய்துகொள்வதே முதல் வேலை. அவர்கள் எண்ணிக்கையில் குறைவு.

அட்டவணையை யார் கையில் வைத்திருப்பது என்பது கடைசி முடிவு. மணமக்களோ பெற்றோரோ அதை வைத்திருக்கக் கூடாது. அன்றைக்கு அவர்களிடம் எவரும் நேரம் கேட்க முடியாது. ஒரு சித்தப்பா, ஒரு மாமா, அல்லது நிதானமான ஒரு நண்பர் என்று ஒருவர் பொறுப்பெடுத்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் பத்து நிமிடம் மிகையாக வைத்து, ஒரே பக்கத்தில் எழுதி, குருக்கள், அலங்காரம் செய்பவர், படப்பிடிப்பாளர், வீடியோக்காரர், மேளகாரர், வான் சாரதிகள், சமையல் பொறுப்பாளர் ஆகியோருக்கு முதல் நாள் மாலைக்குள் ஒவ்வொரு பிரதி கொடுக்க வேண்டும். தாளின் பின்பக்கத்தில் இவர்கள் அனைவருடைய தொலைபேசி எண்களும், கூட்டுப் படப் பட்டியலும், மழை வந்தால் செல்ல வேண்டிய இடமும் இருக்கட்டும். நேரம் பிந்தினால் முதலில் விட வேண்டியது இரண்டாவது வெளிப்புற இடம், அடுத்து நண்பர்களின் கூட்டுப் படங்கள். முதியவர்களோடு எடுக்கும் படங்களையும் மணமக்களின் மதிய உணவையும் எந்தக் காரணத்துக்காகவும் வெட்டுவதில்லை என்பதையும் அந்தத் தாளிலேயே எழுதிவிடுங்கள்.